பில்லின் பின்பக்கத்து வரியும் இரண்டாயிரம் வருடத்துச் சட்டமும்



லோண்ட்ரி பில் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: உடுப்புக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. புடவைக் கடைப் பில்லில் இன்னொரு வரி இருக்கும்: விற்ற சாமான் திருப்பி எடுக்கப்பட மாட்டாது. டெய்லரிடம் கொடுத்தால் அந்த வரியும் இல்லை, பில்லும் இல்லை. துணியில் சோக்கட்டியால் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

பெருநாள், கல்யாணக் காலங்களில் நமது ஊரில் இதனால் வரும் சண்டைகள் உங்களுக்குத் தெரியும். சாயம் கலந்து வந்த நிக்காஹ் சாரி, அயர்ன் பட்டுக் கருகிய அபாயா, அளவு பிசகித் தைத்த சேர்ட், இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்ட வெள்ளைச் சாரம். சில விஷயங்கள் பள்ளி நிர்வாகம் வரை போயிருக்கின்றன. எந்தக் கடை, எந்தக் குடும்பம் என்பது இங்கே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் சொல்லும் வார்த்தை மட்டும் மாறுவதில்லை. கடைக்காரர் "பில்லுல எழுதித்தானே கிடக்கு" என்பார். உடுப்புக்காரர் "புதுசு வாங்கின முழுக் காசையும் வைங்க" என்பார்.

வரலாறு படிப்பிக்கும் ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேச்சும் சரியில்லை. சேதமான உடுப்புக்கு யார் பொறுப்பு, எவ்வளவு நட்டஈடு என்ற கேள்வி உரோமாபுரியிலும் கூபாவிலும் லண்டனிலும் பெரிய அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்த கேள்வி. அவர்கள் கொடுத்த பதில்கள் இன்று நமது நாட்டுச் சட்டத்துக்குள்ளும் நமது மார்க்க நூல்களுக்குள்ளும் இருக்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள், இன்ஷா அல்லாஹ் பயன் உண்டு.

சண்டை எவ்வளவு பழையது?

இன்றைய ஈராக்கில் ஊர் என்று ஒரு பழைய நகரம் இருந்தது. பெயரே ஊர்தான். அங்கே தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் ஒன்று, ஏறக்குறைய 3700 வருடங்களுக்கு முந்தியது. ஒரு வாடிக்கையாளர் சலவைக்காரரிடம் உடுப்பைக் கொடுத்துவிட்டு, எப்படி ஊறவைக்க வேண்டும், ஓரத்துக் குஞ்சத்தை எப்படிச் சீவ வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று நீட்டிக்கொண்டே போகிறார். கேட்டுக் கேட்டுப் பொறுமையிழந்த சலவைக்காரர், இதையெல்லாம் எவராலும் செய்ய முடியாது, நீங்களே ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்க் கரையைத் தேடிப் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் சொல்கிறார். வாசிக்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் இருக்கிறது. உடுப்பைக் கையில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு கடைக்குள் என்ன நடக்கிறது என்று உரியவருக்குத் தெரியாது. பின்னால் வந்த சட்டங்கள் எல்லாமே இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லத்தான் வந்தன.

உரோமாபுரியில் எலி கடித்த உடுப்பு

உரோமர் காலத்தில் சலவை பெரிய தொழில். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் சலவைக் கூடங்கள் இன்றும் தொட்டிகளோடு அப்படியே கிடக்கின்றன. சவர்க்காரம் இல்லாத காலம். ஒருவகைக் களிமண்ணும், சேகரித்துப் பழசாக்கிய சிறுநீரும் ஊற்றி, தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதித்து வெளுத்தார்கள். கம்பளி உடுப்பு அன்றைக்கு விலை கூடியது. ஆகவே சேதமானால் வழக்கு வந்தது.

3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உல்பியன் என்ற சட்ட அறிஞர் இரண்டு உதாரணங்களை எடுக்கிறார். முதலாவது, வெளுக்க வாங்கிய உடுப்பைக் கடையில் வைத்து எலி கடித்துவிட்டது. சலவைக்காரர் பொறுப்பா? பொறுப்பு என்கிறார். எலி கடித்தது அவர் செய்த வேலையல்லதான், ஆனால் எலியிடமிருந்து பாதுகாப்பது அவருடைய கடமை. இரண்டாவது, ஒருவருடைய மேலாடையை மாறி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். தெரியாமல் செய்தாலும் பொறுப்பு.

அவரே, தனக்கு முன்னிருந்த செல்சுஸ் என்ற அறிஞரின் ஒரு கருத்தையும் எடுத்துச் சொல்கிறார். கூலிக்கு ஒரு பொருளைத் திருத்தவோ மினுக்கவோ பொறுப்பெடுத்தவர், அந்த வேலை தெரியாமல் கெடுத்தால், தெரியாமையே குற்றமாகக் கணக்கெடுக்கப்படும். பட்டுத் துணிக்கு எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்று தெரியாமல் அயர்ன் வைத்துவிட்டு, "தெரியாமப் போச்சு" என்று சொல்வதற்கு அன்றே பதில் வந்துவிட்டது. தெரியாதென்றால் வாங்கியிருக்கக் கூடாது.

2ஆம் நூற்றாண்டு அறிஞர் காயுஸ் இன்னும் நுணுக்கமாக ஒன்றைச் சொல்கிறார். சலவைக்காரரிடமோ தையற்காரரிடமோ இருந்த உடுப்பைக் கள்ளன் எடுத்துப் போனால், கள்ளன் மேல் வழக்குப் போடும் உரிமை உடுப்புக்காரருக்கு அல்ல, சலவைக்காரருக்கே உண்டு. ஏன்? உடுப்புக்காரருக்குப் பதில் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். நட்டம் யார் தலையில் விழுகிறதோ அவரே கள்ளனைத் துரத்தட்டும். ஆனால் சலவைக்காரர் கையில் கொடுக்க வழியே இல்லாதவராக இருந்தால், வழக்குரிமை உடுப்புக்காரருக்குத் திரும்பும். எவரும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

இது எப்படி நமது சட்டமானது?

உரோமச் சட்டத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. ஜஸ்டினியன் மன்னர் காலத்தில், 533இல், இந்த அறிஞர்களின் தீர்ப்புகளெல்லாம் ஒரே தொகுப்பாக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒல்லாந்து தேசம் அதைத் தன் வழக்கங்களோடு சேர்த்துத் தன் சட்டமாக்கியது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஜொஹானஸ் வூட் போன்றவர்கள் அதற்கு விரிவான விளக்கவுரை எழுதினார்கள். 1658இலிருந்து 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் அந்தச் சட்டத்தைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம், ஒல்லாந்தர் காலச் சட்டமே தொடரும் என்றார்கள். இன்று வரை, தனியான சட்டமொன்று இல்லாத இடங்களில் நமது நீதிமன்றங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தையே பார்க்கின்றன.

நம்மில் பலர் முஸ்லிம் தனியார் சட்டம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 1806இல் முதலில் தொகுக்கப்பட்ட காலத்திலிருந்தே அது திருமணம், வாரிசுரிமை போன்ற குடும்ப விஷயங்களைச் சுற்றித்தான் இருந்து வருகிறது. லோண்ட்ரிக்காரருக்கும் நமக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வருவது. ஆகவே அந்த எலி கடித்த உடுப்பு, நாம் நினைப்பதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நீதிமன்றத்தில் அப்படி. அல்லாஹ்வுக்கு முன்னால் எப்படி? அதற்குக் கூபாவுக்குப் போக வேண்டும்.

கூபாவின் சலவைக்காரர்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவர் அபூயூசுப் (ரஹ்). பின்னாளில் ஹாரூன் அல்ரஷீத் காலத்தில் தலைமைக் காழியாக இருந்தவர். அவர் இளமையில் கடும் நோயிலிருந்து எழும்பிய பிறகு, இனி நானே தனியாகப் பாடம் நடத்தலாம் என்று ஒரு மஜ்லிஸை ஆரம்பித்தார். இமாம் ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அங்கே அனுப்பினார். கதீப் அல்பக்தாதி தனது பக்தாத் வரலாற்றில் பதிவு செய்திருக்கும் சம்பவம் இது.

கேள்வி இதுதான். ஒருவர் சலவைக்காரரிடம் கூலி பேசித் துணியை வெளுக்கக் கொடுத்தார். திரும்பப் போய்க் கேட்டபோது, உன் துணி என்னிடம் இல்லை என்று மறுத்துவிட்டார். பிறகு மீண்டும் போனபோது, வெளுத்த துணியை எடுத்துக் கொடுத்தார். கூலி கொடுக்க வேண்டுமா, இல்லையா?

அபூயூசுப் "கொடுக்க வேண்டும்" என்றார். பிழை என்றார் வந்தவர். யோசித்துவிட்டு "கொடுக்க வேண்டியதில்லை" என்றார். அதுவும் பிழை என்றார் வந்தவர். அபூயூசுப் உடனே எழும்பி ஆசிரியரிடம் போனார். உங்களை இங்கே கொண்டு வந்தது அந்தச் சலவைக்காரர் விஷயம்தான் போல என்று இமாம் புரிந்துகொண்டு விளக்கம் சொன்னார். மறுப்பதற்கு முதலே வெளுத்திருந்தால் கூலி உண்டு, அது உரியவருக்காகச் செய்த வேலை. மறுத்த பிறகு வெளுத்திருந்தால் கூலி இல்லை, அப்போது அவர் துணியைத் தனதாக்கிக்கொண்டு தனக்காகவே வெளுத்திருக்கிறார்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மெய்மறந்து கேட்பார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. உம்மத்தின் மிகப் பெரிய அறிவாளிகள் இருவர், ஒரு துணிக்கும் சில திர்ஹம் கூலிக்கும் இவ்வளவு நுணுக்கம் காட்டினார்கள். "ஒரு சாரிக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மத்ஹபுகள் என்ன சொல்கின்றன?

பலரிடமும் வேலை வாங்கிச் செய்யும் தொழிலாளியை, அதாவது தையற்காரர், சாயக்காரர், சலவைக்காரர் போன்றோரை, பிக்ஹ் நூல்கள் 'அஜீர் முஷ்தரக்' என்கின்றன. அவர் கையில் பொருள் சேதமானால் என்ன சட்டம்?

அலீ (ரலி) அவர்கள் இத்தகைய தொழிலாளர்களை ஈடு கொடுக்க வைத்தார்கள் என்றும், இதில்லாமல் மக்களின் விவகாரம் சீராகாது என்று சொன்னார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு ஹதீஸ் கலையினரிடம் உறுதிப்படவில்லை என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கருத்து பிக்ஹில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

இமாம் அபூஹனீபாவின் கருத்தில், தொழிலாளியின் கைவேலையால் வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. துணியை அடித்து வெளுக்கும்போது கிழிந்தால் ஈடு கொடுக்க வேண்டும். அவருடைய செயல் எதுவுமில்லாமல் களவு போனால் பொறுப்பில்லை. அபூயூசுபும் முஹம்மதும் இன்னொரு படி மேலே போனார்கள். ஊரையே பிடித்த தீ போல, தவிர்க்கவே முடியாத ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு என்றார்கள். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டக்கோவையின் 611ஆம் பிரிவு, தனது செயலால் வந்த சேதத்துக்கு இத்தகைய தொழிலாளி ஈடு கொடுக்க வேண்டும், கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று அதைச் சட்டமாகவே எழுதியது.

நாம் ஷாபிஈ மத்ஹபினர். நமது மத்ஹபில் வலுவான கருத்து கொஞ்சம் இளகியது. தொழிலாளி ஓர் அமானிதக்காரர், வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக நடந்தாலோ தவிர ஈடு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு "நம்மட மத்ஹபுல கடைக்காரர் பொறுப்பில்ல" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அளவுக்கு மீறிய சூட்டில் அயர்ன் வைப்பதும், சாயம் போகும் துணியை வெள்ளையோடு சேர்த்து ஊறவைப்பதும் கவனக்குறைவுதான். அதற்கு நமது மத்ஹபிலும் ஈடு உண்டு. இரண்டு, இமாமின் மாணவர் ரபீஉ (ரஹ்) ஒரு செய்தி சொல்கிறார். தொழிலாளருக்கு ஈடு இல்லை என்பதே இமாமின் கருத்தாக இருந்தது, ஆனால் கெட்ட தொழிலாளர்களுக்குப் பயந்து அதை அவர் வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார். எவ்வளவு யோசனை பாருங்கள். தனது கருத்து சரியென்று நம்பியும், அது பொறுப்பில்லாத ஒருவர் கையில் கேடயமாகிவிடுமோ என்று இமாம் தயங்கியிருக்கிறார். நாமோ அதையே கேடயமாக எடுக்கிறோம்.

சந்தைக் கண்காணிப்பாளரின் கையேடு

தீர்ப்பு ஒரு பக்கம், சண்டை வராமல் தடுப்பது இன்னொரு பக்கம். பழைய முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளர் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ என்பவர் அவருக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் தையற்காரருக்கும் சாயக்காரருக்கும் தனி அத்தியாயங்கள் உண்டு.

விலை கூடிய பட்டுத் துணியைத் தையற்காரர் வெட்டுவதற்கு முன் நிறுக்க வேண்டும், தைத்த பிறகு அதே நிறையில் கொடுக்க வேண்டும். சாயக்காரர் துணி மாறாமல் இருக்க, உரியவரின் பெயரை மையால் துணியில் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் உடுப்பைக் கல்யாணக் காலத்தில் வேறு ஆட்களுக்கு உடுக்கக் கொடுப்பது மோசடி, அதைத் தடுக்க வேண்டும். தையற்காரர் ஆட்களை அலையவிடக் கூடாது, வேறு தவணை பேசாவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது.

கடைசி விதியை வாசிக்கும்போது பெருநாள் இரவு பத்து மணிக்கு டெய்லர் கடை வாசலில் நிற்பவர்கள் ஞாபகம் வராமல் இருக்காது. எண்ணூறு வருடமாகியும் அந்த வரிசை குறையவில்லை.

பொடி எழுத்து வரி செல்லுமா?

இனி நாம் தொடங்கிய பில் வரிக்கு வருவோம். பழைய காலத்தில் பில் இல்லை. அச்சடித்த பற்றுச்சீட்டு வந்த பிறகுதான், பழைய பொறுப்பை ஒரு வரியால் கழற்றிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. இங்கிலாந்தில் இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1945இல் ஒரு வாடிக்கையாளரின் பத்துப் பெரிய ஐரிஷ் லினன் கைக்குட்டைகளை ஒரு சலவைக் கம்பனி தொலைத்துவிட்டது. தொலைந்தால் சலவைக் கூலியின் 20 மடங்குக்கு மேல் தர மாட்டோம் என்று நிபந்தனை இருந்தது. நீதிமன்றம் நிபந்தனையை ஏற்றது. வாடிக்கையாளருக்குக் கிடைத்தது புதிய கைக்குட்டைகளின் விலையைவிட மிகக் குறைவு. ஆகவே அந்த வரி வெறும் காகிதமல்ல, சில வேளை செல்லும்.

1951இல் இன்னொரு வழக்கு. கர்ட்டிஸ் என்ற பெண்மணி மணிகளும் பளபளப்புச் சில்லுகளும் வைத்த வெள்ளை சட்டின் கல்யாண உடுப்பை ஒரு சலவைக் கடையில் கொடுத்தார். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். ஏன் என்று கேட்டார். மணிக்கும் சில்லுக்கும் ஏதும் நடந்தால் கடை பொறுப்பில்லை என்பதற்காக என்று கடைப் பெண் சொன்னார். அவர் நம்பிக் கையெழுத்து வைத்தார். உடுப்பு கறையோடு திரும்பி வந்தது. தாளை எடுத்துப் பார்த்தால், எப்படி வந்த எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்று இருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வாயால் ஒன்றைச் சொல்லி, தாளில் இன்னொன்றை எழுதி, அந்தத் தாளுக்குப் பின்னால் ஒளிய முடியாது. தெரியாமல் தவறாகச் சொன்னாலும் சரி, கையெழுத்தே இருந்தாலும் சரி.

ஆங்கிலத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அங்கே எடுத்துப் பேசப்படுபவை. இலங்கையிலேயே 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. கவனக்குறைவால் வரும் பொருட் சேதத்துக்கான பொறுப்பை ஒரு வியாபாரி நிபந்தனை போட்டுக் கழற்றுவதானால், அந்த நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே "பில்லுல எழுதித்தானே கிடக்கு" என்பதோடு பேச்சு முடிவதில்லை. எழுதியது நியாயமா, வாடிக்கையாளருக்கு நேரத்தோடு தெரியப்படுத்தினீர்களா என்ற கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

புடவைக் கடையில் வாங்கிய உடுப்பு

இதுவரை பேசியது வேலைக்குக் கொடுத்த உடுப்பு பற்றி. கடையில் புதிதாக வாங்கியதே பழுதாக இருந்தால்? 1931இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு வைத்தியர் கம்பளி உள்ளாடைகள் வாங்கினார். தயாரிப்பின்போது துணியில் தங்கிய சல்பைட் இரசாயனத்தால் தோல் நோய் வந்து நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். தயாரித்த கம்பனி, இப்படி இலட்சக்கணக்கில் விற்றிருக்கிறோம், வேறு முறைப்பாடு இல்லை என்றது. வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அந்தக் காலத்தில் இலங்கையின் கடைசி மேன்முறையீடும் அங்கேதான். 1935இல் தீர்ப்பு வைத்தியருக்குச் சாதகமாக வந்தது. நட்டஈடு 2450 பவுண். இதில் கவனிக்க வேண்டியது, தயாரித்தவரோடு சேர்த்து விற்ற கடையும் பொறுப்பாக்கப்பட்டது. "நாங்க செய்யல்ல, கொழும்பால வந்த சாமான்" என்று சொல்வது கடையைக் காப்பாற்றாது. நமது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 1893இன் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியே எழுதப்பட்டது.

இன்று நமக்கு இருக்கும் வழி

ஒரு சாரிக்காகச் சட்டத்தரணி பிடித்து வழக்காட எவராலும் முடியாது. அதனால்தான் வேறு வழி தேவைப்பட்டது. 1979இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தது. அதில் நாம் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

சேவை தரும் வர்த்தகர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், பில்லில் எழுதாவிட்டாலும் உண்டு. உல்பியன் சொன்ன அதே விஷயம்தான்.

பொருளோ சேவையோ பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பிந்தினால் உரிமை போய்விடும். நமது ஆட்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். "பார்ப்பம், பேசுவம்" என்று ஆறு மாதம் போய்விடும்.

விசாரித்து நட்டம் உறுதியானால், ஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. இது தவிர 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. பேசித் தீர்க்க நல்ல இடம்.

எங்கே போனாலும் கேட்கப்படுவது ஆதாரம். பில்லை எடுத்து வையுங்கள். உடுப்பைக் கொடுக்கும்போது இருவருமாக விரித்துப் பாருங்கள். திரும்ப எடுக்கும்போது கடையிலேயே பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் கழித்து அல்ல. உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் பராமரிப்பு லேபிளை வெட்டி எறியாதீர்கள். தண்ணீரில் போடக் கூடாது என்று அதில் இருந்தும் தண்ணீரில் போட்டிருந்தால் பிழை லோண்ட்ரியுடையது. லேபிளில் சொன்னபடியே செய்தும் பழுதானால், விற்ற கடையிடம் கேட்க வேண்டும். 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கிய காலத்திலிருந்து, உலகத்துக்கே உடுப்புத் தைத்து அதில் லேபிள் வைத்தவர்கள் நமது நாட்டுப் பெண் பிள்ளைகள். அதை வாசிக்க நாமும் பழக வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம்?

இது உடுப்புக்காரர் பக்கத்துக்கு. 2005இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் ஒருவர், அவரே நிர்வாக நீதிபதி, தனது காற்சட்டையைத் தொலைத்ததாகக் குற்றஞ்சாட்டி ஒரு சிறிய சலவைக் கடை மீது வழக்குப் போட்டார். முதலில் கேட்ட தொகை 6 கோடி 70 இலட்சம் டொலர். பிறகு 5 கோடி 40 இலட்சமாகக் குறைத்தார். கடையை நடத்தியது கொரியாவிலிருந்து குடிபெயர்ந்த ஒரு குடும்பம். 12,000 டொலர் வரை தந்து சமாதானமாகவும் அவர்கள் முன்வந்தார்கள். 2007இல் நீதிமன்றம் வழக்கை முழுதாக அவருக்கு எதிராகவே தீர்த்தது. ஆனால் அந்தக் குடும்பம் பின்னர் அந்தக் கடையை மூடிவிட்டது. வென்றவருக்கும் நட்டம்தான்.

பிக்ஹ் இதற்கும் அளவு வைத்திருக்கிறது. ஹனபி நூல்களில், தொழிலாளியின் வேலையால் துணி அழிந்தால் உரியவருக்கு இரண்டு தெரிவு. வேலை செய்வதற்கு முன்னிருந்த பெறுமதியை வாங்கலாம், அப்போது கூலி கொடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்த பிறகுள்ள பெறுமதியை வாங்கலாம், அப்போது கூலியைக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இலாபம் எடுக்க முடியாது. இதன்படி பார்த்தால், ஐந்து வருடம் உடுத்த சாரிக்குப் புதுச் சாரியின் விலை கேட்பது நமக்குச் சேராத காசு. கொடுத்த அன்றைக்கு அது என்ன பெறுமதியோ, அதுதான் கணக்கு.

கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பொடி எழுத்து வரியைப் பெரிய எழுத்தாக்கி, நியாயமான ஒன்றாக மாற்றி எழுதுங்கள்: எங்கள் பிழையால் சேதமானால் இன்ன அளவில் ஈடு தருவோம். துணியில் பெயர்ச்சீட்டுக் குத்துங்கள். முடியாத வேலையை முடியாது என்று அப்போதே சொல்லுங்கள், கௌரவம் குறையாது. கடையில் அயர்ன் பிடிக்கும் பையனின் நாட்கூலியில் முழு நட்டத்தையும் கழிக்காதீர்கள். வாடிக்கையாளர் உடுப்பை நம்பிக் கொடுத்தது உங்கள் கடையின் பெயருக்குத்தான்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. முகநூலில் கடையின் பெயரைப் போட்டு நாறடிப்பதற்கு முன், உடுப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பேசுங்கள். தீராவிட்டால் மூன்று மாதம் முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். உரிமையைக் கேட்பதில் வெட்கமில்லை. உரிமைக்கு மேல் கேட்காமல் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

நமது பள்ளி நிர்வாகமும் வர்த்தக சங்கமும் சேர்ந்து, அடுத்த நோன்புக்கு முன் ஊரிலுள்ள லோண்ட்ரிகளுக்கும் டெய்லர் கடைகளுக்கும் பொதுவான ஒரு பில் மாதிரியைத் தயாரித்தால் பாதிச் சண்டை குறையும். அதற்கான வாசகத்தை எழுதிக் கொடுக்க நான் தயார். விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.